பாலனுக்குக் கண் திறந்த நாள்

விருத்தாசலத்துக்கு வந்து அமிர்தம் வீடு எது என்று கேட்டால், எந்த அமிர்தம் என்று திருப்பிக் கேட்பார்கள். கண்ணெழுதுகிற அமிர்தம் என்று சொல்லிப் பாருங்கள், டீக்கடை வாசலில் நிற்கிறவன்கூடக் கையை நீட்டி வழி காட்டுவான். வேதக்காரம்மாதானே, போங்க போங்க, உட்கார வச்சு சேசு கதை சொல்லாம வுடாது என்று கூடவே ஒரு சிரிப்பும் சிரிப்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அவள் பெயர் ஊருக்குள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சக்கரபாணி முதலாளியின் பீங்கான் கம்பெனியில் அவளுக்கு வேலை. பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. ஒரு சூளை, தகரக் கொட்டகை, களிமண் ஊறுகிற தொட்டி, அவ்வளவுதான். கொலு பொம்மை, கிளி, நாய்க்குட்டி, தொப்பை தெரியச் சிரிக்கிற செட்டியார், எல்லாம் அச்சில் வார்த்துச் சூளையில் வெந்து, வெள்ளை வெளேரென்று கண் இல்லாமல் அவள் முன்னால் வரிசையாக வந்து நிற்கும். அவள் தூரிகையைத் தொட்டு இப்படி ஒரு இழுப்பு, அப்படி ஒரு புள்ளி, பொம்மை முழித்துக்கொள்ளும். கிருஷ்ணனுக்கும் அவள்தான் கண் எழுதினாள், லட்சுமிக்கும் அவள்தான். வேதக்காரி எங்க சாமிக்குக் கண்ணு வைக்கலாமா என்று யாராவது சீண்டினால், இது பொம்மை, சாமி வேற என்று பட்டென்று சொல்லிவிட்டு அடுத்த பொம்மையை இழுத்துக்கொள்வாள்.

சும்மா சொல்லக் கூடாது, வாய் மட்டும் உள்ளவள் இல்லை அவள். கம்பெனியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் வேலை விட்டதும் கஞ்சி வைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். களிமண் மிதிக்கிற பாஞ்சாலைக்குத் திடீரென்று பிரசவ வலி வந்தபோது, ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது அமிர்தம். மதியம் தூக்குச் சட்டியைத் திறந்தால் சிலுவை போட்டுக்கொள்ளாமல் ஒரு வாய் வைக்க மாட்டாள், பக்கத்தில் சோறு இல்லாதவளுக்குக் கொடுக்காமலும் வைக்க மாட்டாள். ஆனால் அவளிடம் ஒரு குறை உண்டு. ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு, அதை யார் பெயரால் செய்தேன் என்று சொல்லாமல் அவளால் எழுந்து வர முடியாது. கஞ்சியைக் குடிக்கிறவன் மடக்கு மடக்காகக் குடித்து முடிப்பதற்குள் ஐந்து அப்பம் இரண்டு மீன் கதை முடிந்திருக்கும். ரயில்வேயில் கேங்மேனாக இருந்த அவள் புருஷன் சாமிதுரை, உன் ஆண்டவரைக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்க வுடேன் என்பான். அதற்கு அவனுக்கும் ஒரு கதை கிடைக்கும்.

கம்பெனியில் எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு, குறையைச் சீட்டில் எழுதிக் கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது கட்டப் போய்விடுவார்கள். உங்க சாமிக்கும் பிராது எழுதிக் கட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். எழுதவே வேண்டாம், வாயால் சொன்னாலே போதும் என்று அமிர்தம் சொன்னதில் கேட்டவளுக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை.

உட்கார்ந்து முழுசாகக் கேட்கிற ஆள் ஒருத்தர்தான். அச்சு செய்கிற விருத்தகிரி.

விருத்தகிரி குயவர் வீட்டு மனிதர். கம்மாபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் தம்பிகள் எல்லாம் அங்கே சட்டி பானை செய்கிறவர்கள். ஊர் அய்யனாருக்குக் குதிரை செய்து கொடுக்கிற உரிமை அந்தக் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. குதிரைக்கும் சாமிக்கும் கடைசியாகக் கண் திறக்கிற முறை, வீட்டுக்கு மூத்தவர் என்று விருத்தகிரிக்கு. கூலிக்காக டவுனுக்கு வந்து சேர்ந்தாலும் பங்குனித் திருவிழா என்றால் லீவு போட்டுவிட்டுப் போய்விடுவார். கண் திறந்த அன்றைக்கு அவர் தலையில்தான் பரிவட்டம் கட்டுவார்கள். அது அவருக்கு உயிர்.

கண்ணெழுதறது வேற, கண்ணு தொறக்கறது வேற என்று ஒருநாள் அமிர்தத்திடம் சொல்லியிருக்கிறார். பொம்மைக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். சாமிக்கு அப்படி இல்லை. விரதம் இருக்க வேண்டும். கண்ணின் வெள்ளையையும் கோட்டையும் எதிரே உட்கார்ந்தே எழுதிவிடலாம், கடைசிக் கரும்புள்ளியை மட்டும் பக்கவாட்டில் நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வைக்க வேண்டும். இரண்டாவது புள்ளி விழுந்ததும் சாமி பார்க்க ஆரம்பித்துவிடும். அந்த முதல் பார்வை உக்கிரமானது, மனுஷன் மேல் விழுந்தால் தாங்க மாட்டான். அதனால் எதிரே ஒரு சேவலைப் பிடித்துக் காட்டி, பார்வையை அதன் மேல் வாங்கி, அங்கேயே அறுத்துவிடுவார்கள். அமிர்தம் இதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். தான் சொல்ல வேண்டிய கதைக்காக நாக்கு அரித்துக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் கதை எங்கே ஏறும்?

அவர் மட்டும் அவள் சொன்னது ஒவ்வொன்றையும் மனசில் போட்டு வைத்துக்கொண்டார். சில நாள் கழித்து, அந்தச் சமாரியாக்காரன் அடிபட்டவனைத் தூக்கிட்டுப் போனானே, பொழச்சானா என்று கேட்பார். எல்லாருக்கும் வர வேண்டியதை உங்க ஆண்டவர் ஒருத்தரே சிலுவையில ஏத்துக்கிட்டாரே, வலிச்சிருக்குமே என்பார். அமிர்தத்துக்குப் புல்லரித்துப்போகும். ராத்திரி ஜெபத்தில் புருஷனுக்கு அடுத்த பெயர் விருத்தகிரி அண்ணன் பெயர்தான். இந்த ஒரு மனுஷன் ஆண்டவர்கிட்ட வந்துட்டா, நான் பொறந்ததுக்கு அர்த்தம் இருக்குது என்று சாமிதுரையிடம் சொல்லிச் சொல்லி அவன் காதே புளித்துப்போனது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் வேதக் கோவில் ஓடு ஒழுகி, கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பழைய சுரூபங்கள் எல்லாம் நனைந்து ஊறிப் பொடிப்பொடியாகிவிட்டன. சூசையப்பருக்குத் தலை இல்லை, பாலன் சேசுவை எடுத்தால் கையோடு மாவு மாவாக வருகிறது. பங்குச் சாமியார் அமிர்தத்தைக் கூப்பிட்டு, உன் கம்பெனியில் செய்து கொடுப்பார்களா என்று கேட்டார். அவள் மறுநாளே விருத்தகிரி முன்னால் போய் நின்றாள். வேலை முடிந்த பிறகு செய்துகொள்ளுங்கள், மண்ணும் சூளையும் என்னுடையது என்று முதலாளி சக்கரபாணியும் பெரிய மனசு பண்ணினார்.

விருத்தகிரி உடனே சரி என்று சொல்லவில்லை. கையில் இருந்த மண்ணை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"அமிர்தம், இது பொம்மையா, சாமியா?"

அமிர்தத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னாண்ணே இப்படிக் கேக்கறீங்க? எங்க ஆண்டவரைப் போயி பொம்மைன்னுவேனா?"

அவர் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் உங்க சாமி கவுச்சி சாப்பிடுமா என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, ஆண்டவர் மீன் சுட்டுச் சாப்பிட்டதையும், ஊதாரிப் பிள்ளை திரும்பி வந்ததும் தகப்பன் கொழுத்த கன்று அடித்து விருந்து வைத்ததையும் சொன்னாள். கையோடு கையாக, எகிப்து தேசத்தில் ஆட்டு ரத்தத்தை வாசக்காலில் பூசின வீட்டுக்குள் சாவு நுழையாத கதையையும் சொன்னாள். யார் கேட்டார்கள் அதை? வாய் சும்மா இருந்தால்தானே. பாலனுக்குக் கண்ணு மட்டும் நான் வைக்கிறேன், மத்ததெல்லாம் நீ எழுதிக்க என்று விருத்தகிரி சொன்னார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்தக் கார்த்திகை முழுவதும் விருத்தகிரி ஆளே மாறிவிட்டார். பீடி இல்லை, கவுச்சி இல்லை, ஒரு வேளைதான் சாப்பாடு. தலை முழுகாமல் அந்த மண்ணைத் தொட மாட்டார். அமிர்தம் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். அவர் மனைவி வீரம்மாளும் அதே கம்பெனியில்தான் மண் சலித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. புருஷன் வேதத்துக்குத் திரும்புவது பிடிக்கவில்லை போலிருக்கிறது, அவளுக்கும் சேர்த்து ஜெபிக்க வேண்டியதுதான் என்று அமிர்தம் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். சாமியாரிடம் போய், விருத்தகிரி அண்ணன் உபவாசம் இருக்கிறார், வருகிற பாஸ்காத் திருநாளுக்கு ஞானஸ்நானம்தான் என்று தம்பட்டம் அடித்துவிட்டு வந்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாளா என்றால், இல்லை.

மார்கழியில் எல்லாம் வெந்து வந்தன. மாதா, சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை. பாலன் ஒரு முழ நீளம். காலை உதைத்துக்கொண்டு, ஒரு கையை யாரோ தூக்கட்டும் என்று நீட்டிக்கொண்டு இருந்தான். அமிர்தம் தன் பங்கு முகங்களையெல்லாம் எழுதி முடித்துக் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பாலன் மட்டும் விருத்தகிரியிடம் இருந்தான்.

திருநாளுக்கு முந்தின நாள் விடிந்ததும் பாலனை வாங்கி வரலாம் என்று ஒரு புதுத் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் கம்பெனிக்குப் போனாள். வேலை ஆரம்பிக்க நேரம் இருந்தது. சூளைக்குப் பின்னால் ஊதுவத்தி வாசனை வந்தது. சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தரையில் கழுத்து அறுந்த சேவல் ஒன்று கிடந்தது. கால் இன்னும் வெட்டி வெட்டி இழுத்தது. அறுத்த எலுமிச்சம்பழம், குங்குமம், எரிந்து கரிந்த கற்பூரம். அவற்றுக்கு நடுவே வாழையிலை மேல் அவளுடைய பாலன். இரண்டு கண்ணும் திறந்து அவளையே பார்த்தன. அந்தக் கண்கள் மேல், நெற்றி மேல், நீட்டின கை மேல் எல்லாம் ரத்தம். சூடு ஆறாத ரத்தம், கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அமிர்தம் அங்கும் இங்கும் பார்த்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. அப்புறம் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்தாள். பாய்ந்து போய்ப் பாலனை வாரி எடுத்தாள். புதுத் துண்டால் துடைத்தாள், ரத்தம் இழுகிக்கொண்டு பரவியது. தன் இடத்துக்கு ஓடினாள். அங்கே தூரிகை கழுவுகிற மண்ணெண்ணெய் டப்பாவும் துணியும் இருந்தன. துணியை முக்கி, நெற்றி, கன்னம், கண் என்று பார்க்காமல் தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். பேய்க்குப் பலி கொடுக்கிற மாதிரி என் ஆண்டவருக்குப் பண்ணிவிட்டார்களே, இன்றைக்கு இதை எப்படிக் கோவிலுக்குள் கொண்டு போவேன், சாமியாரிடம் என்ன சொல்லுவேன் என்று புலம்பினாள். தேய்த்து முடித்துப் பார்த்தபோது ரத்தம் போயிருந்தது. கண்ணும் போயிருந்தது. காயாத பெயிண்ட்தானே, மண்ணெண்ணெய் பட்டால் நிற்குமா?

கழுவின கத்தியோடு குழாயடியிலிருந்து விருத்தகிரி வந்தார், பின்னால் வாளியோடு வீரம்மாள். அமிர்தம் அவர் மேல் பாய்ந்தாள். பாவி மனுஷா, உனக்கு எத்தனை நாள் எத்தனை சொன்னேன், கடைசியில் இதைத்தான் கற்றுக்கொண்டாயா, அய்யனாருக்குச் செய்கிறதை என் ஆண்டவருக்குச் செய்துவிட்டாயே, நீ உருப்படுவாயா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். அத்தனை வருஷம் அண்ணே என்று கூப்பிட்ட வாயில் நீ, உன் என்று வந்தது.

அவர் எதையும் காதில் வாங்கவில்லை. அவள் கையில் இருந்த பாலனையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி கை நழுவித் தரையில் விழுந்தது.

"கண்ணைப் புடுங்கிட்டியே, அமிர்தம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்பது வயசுக்கு மேல் ஆன மனுஷன், செத்த வீட்டில் அழுகிற மாதிரி தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அமிர்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டினால் திருப்பித் திட்டுவார், இல்லை மன்னித்துக்கொள் என்பார் என்று நினைத்திருந்தாள். இதை நினைக்கவில்லை. அவர் முறையில், திறந்த கண்ணை அழிப்பது சாமியைக் கொல்வதற்குச் சமானம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வீரம்மாள்தான் வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். அவள் சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாமின்னு நீதானே சொன்னே? கவுச்சி சாப்பிடும்னு சொன்னே. ரத்தம் பூசினா சாவு வராதுன்னு சொன்னே. அந்தக் கண்ணு மொதமொதலா உங்க கோவில் கொழந்தைங்க மேல வுழுந்துடக் கூடாதுன்னுதாம்மா என் வூட்டுச் சேவலை அறுத்தாரு. உனக்குத்தான் செஞ்சாரு."

அமிர்தம் பதில் பேச வாயெடுத்தாள். வீரம்மாள் விடவில்லை.

"இன்னொண்ணும் கேட்டுக்க. கார்த்திகையிலயே அண்ணன் தம்பிங்க கூடிப் பேசிட்டாங்க. வேதக்காரங்க சாமிக்குக் கண்ணு தொறக்கறவன் இனிமே அய்யனார் மண்ணைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. பங்குனிக்கு அங்க இவரு போவ முடியாது. பரிவட்டம் தம்பிக்குப் போயிடுச்சு. நல்லது கெட்டதுக்குக்கூடக் கூப்புட மாட்டாங்க. வேணாம்யான்னு நான் கால்ல வுழுந்து கேட்டேன். அமிர்தத்தோட சாமி கண்ணு இல்லாம கெடக்குது, நான் வாக்குக் குடுத்துட்டேன்னாரு."

அமிர்தம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மாதம் பூராவும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். இனம் ஜனத்தை எல்லாம் இழந்துவிட்டு வந்து உட்கார்ந்து, அவள் சொல்லுகிற கதைக்குத் தலையாட்டியிருக்கிறார். வீடு வாசலை விட்டு என் பின்னே வா என்று ஆண்டவர் கூப்பிட்ட கதையை அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அவள் எதை விட்டாள்? ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தூக்கத்தை விட்டிருப்பாள். கேட்டவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார், அவளுக்குத் தெரியக்கூட இல்லை.

அந்தப் பக்கம் அய்யனாரும் இல்லை, இந்தப் பக்கம் இவள் கையில் கண் இல்லாத பாலன். இந்த மனுஷன் இப்போது எழுந்து போனால் எந்தச் சாமியிடமும் போக மாட்டார், தன் முகத்திலும் முழிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தானே கண்ணை எழுதிக் கோவிலுக்குக் கொண்டுபோய்விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. தூரிகையை எடுத்தாள். எத்தனை ஆயிரம் கண் எழுதின கை. பாலன் முகத்துக்கு நேரே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் முன்னால் போகவில்லை.

தூரிகையை அவர் முன்னால் நீட்டினாள். "அண்ணே, நீங்களே தொறந்து வுடுங்க."

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார். ஒரு தடவை கண்ணை இழந்த சாமி, இரண்டாம் தடவை முழித்தால் பார்வை எப்படி இருக்கும் தெரியுமா என்றார். எதிரே நிறுத்த இன்னொரு சேவலும் இல்லை, இருந்தாலும் இனி அது தாங்காது என்றார். நீட்டின தூரிகையைத் தொடாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அமிர்தத்துக்கு அந்த நேரத்தில் வாதம் பண்ணத் தோன்றவில்லை. எங்கள் ஆண்டவர் அப்படிப் பார்க்க மாட்டார் என்று சொல்ல ஆயிரம் கதை இருந்தது. ஒரு கதையும் வாயில் வரவில்லை. பாலனை வாழையிலை மேல் வைத்தாள். சேவல் செத்துக் கிடந்த இடத்தில், ரத்தம் ஊறின மண்ணிலேயே, பாலனுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சேவல் வேணாம்ண்ணே. என் மேல வுழட்டும்."

வீரம்மாள் பதறிப்போனாள். எழுந்திரு, உனக்குப் புருஷன் இருக்கான், என்ன காரியம் பண்றே என்று தோளைப் பிடித்து இழுத்தாள். சற்று முன் அவளை நார் நாராகக் கிழித்தவள், இப்போது அவளுக்காக அழுதாள். அமிர்தம் அசையவில்லை. விருத்தகிரி எழுந்தார். அப்புறம் போய்க் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு ஈரத்தோடு வந்தார்.

வெள்ளையைப் பூசினார். கோட்டை இழுத்தார். அதுவரை முன்னால் இருந்து எழுதினவர், கடைசிப் புள்ளிகளுக்காகப் பக்கவாட்டில் நகர்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் தடவி இடம் பார்த்து, இடது கண்ணில் முதல் புள்ளியை வைத்தார். அமிர்தம் நேராக உட்கார்ந்திருந்தாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். அத்தனை வருஷம் பொம்மை என்றும் சாமி என்றும் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தவளுக்கு, அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்ததும் எது எது என்று தெரியவில்லை. கையை எடுத்துச் சிலுவை போடக்கூடத் தோன்றவில்லை. இன்னும் ஒரு புள்ளி. அது விழுந்தால் பார்த்துவிடும்.

அப்போதுதான் அது நடந்தது. விருத்தகிரி இடம் பெயர்ந்தார். பக்கவாட்டில் இருந்தவர் சட்டென்று எழுந்து, பாலனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். அவளுக்குப் பாலன் மறைந்துபோனான். அவருடைய ஈர முதுகுதான் தெரிந்தது. பரம்பரையில் ஒருத்தரும் செய்யாத காரியமாக, நேருக்கு நேர், முகத்துக்கு முகம், வலது கண்ணில் கடைசிப் புள்ளியை வைத்தார்.

"அண்ணே" என்று மட்டும் அமிர்தத்துக்கு வந்தது.

அவர் திரும்பவில்லை. பாலனையே பார்த்துக்கொண்டு சொன்னார். "உன் மேல வுழக் கூடாதும்மா. ஒருத்தருக்கு வர்றதை இன்னொருத்தர் போயி ஏத்துக்கலாம்னு நீதானே சொல்லிக்கிட்டிருந்தே. நெசந்தானே அது?"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி! இதற்குப் பதில் சொல்லத்தான் பிறந்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். இப்போது அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீரம்மாள் புருஷன் முகத்தை எட்டிப் பார்க்கப் பயந்துகொண்டு சூளைச் சுவரில் சாய்ந்து நின்றாள். வெயில் ஏறியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எடது கண்ணு ஒரு மயிரிழை எறங்கிப் போச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். அப்புறம் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டார்.

நடந்ததை ஒன்று விடாமல் அமிர்தம் அன்றைக்கே சாமியாரிடம் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போனது. நாற்காலியில் உட்கார்ந்து, பாலனை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கண்களைப் பார்த்தார். கடைசியில் தீர்த்தம் தெளித்து, தானே கொண்டுபோய்க் குடிலில் வைத்தார். இடது கண் ஒரு மயிரிழை இறங்கின அந்தப் பாலன்தான் எழுபதுகள் முழுக்க அங்கே குடிலில் இருந்தான். பங்குனியில் அய்யனார் குதிரை எடுக்கிற நாளில், யாரும் கூப்பிடாத விருத்தகிரியும் வீரம்மாளும் அமிர்தத்தின் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு பங்குனியிலும் அப்படித்தான். சாப்பிடும்போது அவள் கதை சொல்லவில்லை, பரிமாறினாள். ஞானஸ்நானம் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. வருஷங்கள் போய் அவராகவே ஒருநாள் வீரம்மாளையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் கேட்டார். அவருக்குச் சூசை என்று பெயர் வைத்தார்கள், கம்பெனியில் கடைசிவரை விருத்தகிரிதான்.

ஞானஸ்நானம் நடந்த அன்றைக்குக் கோவிலில் எல்லோரும் அமிர்தத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ கொண்டுவந்த ஆத்துமாவல்லவா, உனக்குப் பரலோகத்தில் பெரிய இடம் உண்டு என்றார்கள். பழைய அமிர்தமாக இருந்தால் பூரித்துப் பூசணிக்காயாகியிருப்பாள். இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாரு கொண்டாந்தது? எனக்கு வர வேண்டியதுக்கு முன்னால போயி நின்னவரு அவரு. நான் அவரு முதுகுக்குப் பின்னால உக்காந்திருந்தவ" என்று சொல்லிவிட்டு, வீரம்மாளுக்கு முக்காடு நழுவுகிறது என்று சரிசெய்துவிடப் போனாள்.